தம்பிக்குப் பல் தேய்த்த பகவதி

தம்பிக்குப் பல் தேய்த்துவிடுவது பகவதியின் வேலை. காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் தன் ஊரான கருங்கல்லுக்குப் பஸ் பிடிக்கப் போகுமுன் ஒரு தடவை. இராத்திரி முறையை நர்ஸுகள் பார்த்துக்கொண்டார்கள். தம்பி என்றால் பிள்ளை இல்லை. சுயம்புராஜுக்கு ஐம்பத்தெட்டு வயது. தக்கலைச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம். அவன் ஏலம் சொன்னால் வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் அன்றைய ஏத்தங்குலை, அதாவது நேந்திரங்குலை, விலை தெரிந்துவிடும், அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டையில்தான் இப்போது துளை போட்டுக் குழாய் செருகியிருந்தார்கள். குழாயின் மறுமுனை கட்டிலோரத்து மூச்சு மெஷினில் இருந்தது.

ஸ்மைலின் என்ற நர்ஸ் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவாள். தொண்டைக்குழாயைச் சுற்றி உள்ளே இருக்கும் காற்றுப்பை சரியாக உப்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு எச்சிலை உறிஞ்சும் மெல்லிய குழலை எடுத்து அவன் கடைவாயில் வைத்துக்கொள்வாள். பகவதி கையுறை மாட்டி, பிரஷ்ஷை நனைத்து, மேல்வரிசை, கீழ்வரிசை, ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் என்று தேய்த்து, சின்னச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவாள். பிரஷ்ஷின் தலை சின்னதாகவும் நார் மெத்தென்றும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் மருந்துக்கடையில் கிடைத்தது குழந்தைகள் பிரஷ்தான். அதன் பிடியில் ஒரு கரடி நின்று சிரித்தது.

பகவதிக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் அண்டி ஆபீஸில் இருந்தவள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு அங்கே அதுதான் பெயர். ஆபீஸ் என்றாலும் உட்காருவது தரையில். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, மகள் கொல்லத்தில் குடியிருக்கிறாள். சொந்த வீடு, இரண்டு தென்னை, கேட்காமலே அபிப்பிராயம் சொல்லும் வாய். இந்த மூன்றில் கடைசியால்தான் தம்பியை எட்டு வருஷத்துக்கு முன்னால் இழந்திருந்தாள்.

நடந்தது சுயம்புராஜின் மகளுக்கு நிச்சயம் செய்த அன்று. மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவில்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா பேச்சோடு பேச்சாக, தங்கள் வீட்டில் விடிந்ததும் பல் தேய்க்குமுன்பே காப்பி குடித்தாக வேண்டும், மருமகளுக்கு அது வழக்கமில்லையோ என்னவோ என்று கொஞ்சம் கூச்சத்துடன் சொன்னாள். அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் பகவதி வாயைத் திறந்தாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், என் தம்பி பல் தேய்க்காமல்தான் சாயா குடிப்பான், அவன் பல்லில் தண்ணீர் படப் பத்து மணி ஆகிவிடும் என்றாள். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா சிரித்ததோடு நிற்கவில்லை. சம்பந்தியை அன்று முதல் ‘பத்துமணி மச்சான்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

விருந்து முடிந்ததும் சுயம்புராஜ் அக்காவிடம் வந்தான். ஏலம் சொல்லும் அதே குரலில், எல்லோருக்கும் கேட்க, "இனி உனக்க கையால ஒரு சொட்டு பச்சவெள்ளம் குடிக்க மாட்டேன்" என்றான். பச்சவெள்ளம் என்றால் காய்ச்சாத வெறும் தண்ணீர். எவ்வளவு ஏழையும் வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். அதுவும் வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். சொன்னபடி நடந்தும் காட்டினான். அவள் பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறினால் அவன் பின்வாசல் வழியாக இறங்கினான்.

இந்த மழைக்காலத்தில் அவனுக்கு வயிற்றோட்டம் வந்தது. அது நின்றபின் கால் மரத்தது, பிறகு கை, பிறகு முகம். கடைசியில் மூச்சும் இழுக்க முடியாமல் போயிற்று. நரம்பைத் தாக்கும் ஒரு வியாதி என்றார் டாக்டர். மூளைக்கு ஒன்றுமில்லை, எல்லாம் கேட்கும், எல்லாம் விளங்கும், கண்ணும் இமையும் மட்டும் அசையும். நரம்பு மெதுவாகத் திரும்பிவரும், மாதக்கணக்கு ஆகலாம், அதுவரை நெஞ்சைக் காப்பாற்ற வேண்டும். ஐசியுவில் இருந்தபோதே ஒரு தடவை நிமோனியா வந்து மயிரிழையில் தப்பியிருந்தான். இன்னொன்று வந்தால் தாங்க மாட்டான் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னபோது, யாரும் கூப்பிடாமல் வந்து தூணோரம் நின்றிருந்த பகவதியும் கேட்டாள்.

தனி அறைக்கு மாற்றியபோது ஸ்மைலின் வீட்டாரைக் கூப்பிட்டு விளக்கினாள். கொஞ்சநாள் மெஷினோடு வீட்டுக்கே போகவேண்டி வரலாம், அதனால் வீட்டு ஆள் ஒருவர் வேலையைப் பழக வேண்டும். "வாய் நாறுகதுக்காவ இல்ல. மெஷின்ல கெடக்கவங்களுக்கு வாய் காஞ்சு, கிருமி கூடிப்போவும். அது எச்சிலோட குழாய்க்க ஓரத்துக்கூடி நெஞ்சுக்குள்ள எறங்கும். நிமோனியா அப்பிடித்தான் வருது. பல்லு தேய்ச்சு, எச்சிலை உறிஞ்சி, தலைய உயத்தி வச்சா பாதி பயமில்ல."

சுயம்புராஜின் மனைவி தாணம்மாள்தான் முதலில் முயன்றாள். நல்லவள், புருஷனுக்காக எதையும் செய்வாள். ஆனால் உறிஞ்சுகுழல் சர்ரென்று சத்தம் போட்டதும் அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கப் போன நேரத்தில் அவன் வாய் பாதியில் நின்றது. மகன் மஸ்கட்டில் இருந்து வீடியோவில் தைரியம் சொன்னான். வீடியோவிலிருந்து பல் தேய்க்க முடியாது.

"நான் தேய்க்கேன்" என்றாள் பகவதி.

எட்டு வருஷத்துச் சபதம் கட்டிலில் கண்ணை விழித்துப் படுத்திருந்தது. சந்தையில் சுயம்புராஜோடு கூட இருந்து வியாபாரம் பார்க்கும் வைகுண்டராஜன், விலை படியாத பேரங்களில் நடுவராக நின்று பழகியவர். தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"அவன் சொன்னது பச்சவெள்ளம். சிஸ்டர், நீங்க விடுகது மருந்துதானே?"

முன்பு மருந்து ஒன்று விட்டுக்கொண்டிருந்தோம், இப்போது அது வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள், பிரஷ்தான் முக்கியம், இது வெறும் வெள்ளம் என்றாள் ஸ்மைலின். பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. வைகுண்டராஜனின் முகம் வாடியது. கொஞ்சம் யோசித்து, அது குழாய்த் தண்ணீரா என்று கேட்டார். இல்லை, கிருமி போகக் காய்ச்சி சீல் வைத்து வருவது.

"அப்போ பச்ச இல்ல. சரி, குடிக்கானா?"

"ஒரு சொட்டு உள்ள போவப்பிடாது மாமா. அம்புட்டையும் உறிஞ்சி எடுத்திருவோம்."

"பச்சையும் இல்ல, குடிக்கவும் இல்ல. பொறவு என்ன?"

"கையாலயும் இல்ல" என்றாள் பகவதி. "கரடியாலல்லா."

ஆனாலும் ஸ்மைலின் நோயாளியைக் கேட்காமல் செய்ய மாட்டேன் என்றுவிட்டாள். கட்டிலோரம் குனிந்து, அக்கா தேய்க்கட்டுமா, சரியென்றால் ஒரு தடவை கண்ணை மூடுங்கள், வேண்டாமென்றால் இரண்டு தடவை என்றாள். அப்போதுதான் கண்ணில் சொட்டுமருந்து விட்டிருந்தது. சுயம்புராஜ் படபடவென்று இமைத்தான். அது இல்லை, இல்லை, இல்லை என்றாள் தாணம்மாள். ஆமாம், ஆமாம், ஆமாம் என்றாள் பகவதி. மருந்து காயும்வரை பொறுத்து ஸ்மைலின் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை அவன் கண்ணை மூடினான். திறக்கவே இல்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். மெஷின் மூச்சு விட்டது.

"ஒரு தடவதான் மூடியிருக்கான்" என்று வைகுண்டராஜன் தீர்ப்புச் சொன்னார். "தொறந்தால்லா ரெண்டாந்தடவ மூட முடியும்."

பகவதி கையுறை மாட்டினாள்.

அவளுக்கு வேலை சீக்கிரம் பழகிவிட்டது. பழகாத ஒன்று பேசாமல் வேலை பார்ப்பது. கேட்க வேண்டிய ஆள் எட்டு வருஷத்துக்குப் பிறகு எழுந்துபோக முடியாத இடத்தில் கிடைத்திருக்கிறான். மேல்வரிசை தேய்க்கும்போது நிச்சயத்தன்று தான் என்ன நினைத்துச் சொன்னாள் என்பது வரும். கீழ்வரிசைக்கு பஸ்ஸில் இருந்து அவன் இறங்கிப் போனது. நாக்குக்கு வரும்போது, நான் சொன்னது பொய்யா, பத்து மணிக்கு முன்னால் நீ பல் தேய்த்த ஒரு நாளைக் காட்டு என்று கேட்பாள். சுயம்புராஜ் மேலே விசிறியைப் பார்ப்பான். வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கலாமே அக்கா என்று ஸ்மைலின் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"அவனுக்கு வாய் தொறந்து கெடக்கு. நான் எதுக்கு மூடணும்?"

பின்பொரு நாள், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம், உங்கள் தம்பி பேச ஆரம்பித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று ஸ்மைலின் கேட்டாள். பகவதி கரடியின் முகத்தைத் துடைத்தாள். "முதல்ல அவன் பொழைக்கணும் மக்கா. பொழைச்சு எனக்க மூஞ்சியப் பாத்து ரெண்டு ஏச்சு ஏசட்டு. எட்டு வருஷமா ஒரு ஏச்சு இல்ல."

நடுவில் ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல் அடித்தது. பகவதி அன்று வீட்டுக்குப் போகவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, எந்தப் பல்லின் பின்பக்கத்தை விட்டிருப்போம் என்று தன் பல்லை நாக்கால் தடவித் தடவி யோசித்துக்கொண்டிருந்தாள். சோதித்ததில் கிருமி சிறுநீரில்தான் இருந்தது, நெஞ்சு சுத்தம் என்று தெரிந்தது. மறுநாள் கருங்கல் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரிக்கும் கண்டக்டருக்கும், தன் தம்பிக்கு மூத்திரத்தில்தான் கிருமி என்று, பரீட்சையில் முதல் வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இதெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மத்தியாஸ் வந்தார்.

மத்தியாஸ் குளச்சல்காரர். சுயம்புராஜின் குலைகளை ஏற்றும் லாரி அவருடையது. ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு நண்பரைப் பார்க்க வந்தவர், கதவில் இருந்த கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். சுயம்புராஜைத் தலை தூக்கிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அக்கா, பேச்சுவார்த்தையே இல்லாத அக்கா, சின்னச் சிரிஞ்சால் அவன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறாள். நர்ஸ் தலையைக் குனிந்து நிற்கிறாள். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக் குலுங்குகிறாள். வைகுண்டராஜன் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்திருக்கிறார்.

தாணம்மாள் பொத்திக்கொண்டிருந்தது ஓங்கரிப்பை. வைகுண்டராஜன் துண்டை எடுத்தது வியர்த்ததால். ஆனால் மத்தியாஸ் கத்தோலிக்கர். இந்துக்கள் வீட்டில் உயிர் போகும் நேரத்தில் உறவுக்காரர்கள் வாயில் தண்ணீர் விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தன்னுடைய ஆட்களாக இருந்திருந்தால் கதவைத் தட்டி உள்ளே போயிருப்பார். மற்றவர்கள் சடங்கில் நுழையக்கூடாது என்ற மரியாதை அவரைத் தடுத்தது. சிலுவை போட்டுக்கொண்டு, பழச்சீப்பை வாசலில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் படியிறங்கி, சந்தைக்கு போன் பண்ணினார். அக்காவும் தம்பியும் கடைசியில் சேர்ந்துவிட்டார்கள், தண்ணீர் விட்டதை நானே கண்ணால் கண்டேன் என்றார்.

சந்தையில் துக்கம் வேகமாக வேலை செய்தது. பிளக்ஸ் கடைக்காரர் மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். வியாபாரிகள் சங்கத்திடம் சுயம்புராஜ் தனியாக இருக்கும் படம் இல்லை. மகளின் நிச்சயத்தன்று யாரோ எடுத்த ஒரு படத்தில் அவனை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அதில் அவன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் அஞ்சலி என்று மேலே. கீழே வருந்துவோர் பெயர்கள். வயதில் மூத்தவள் என்பதால் முதல் பெயர், மற்றவர்களைவிடப் பெரிய எழுத்தில், ‘ஆருயிர் அக்காள் பகவதி’.

பல் தேய்த்து முடித்து பகவதி கையுறையைக் கழற்றும் நேரத்தில் தாணம்மாளுக்கு போன் வந்தது. வாடகைக்கு நாற்காலி போடுகிறவர், எத்தனை நாற்காலி வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எதற்கு என்றாள் தாணம்மாள். அண்ணாச்சிக்கு என்றார் அவர்.

"அவரு கட்டில்லல்லா கெடக்காரு. நாற்காலில இருக்க இன்னும் நாளாவும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பாவம், எவ்வளவு அக்கறை என்றும் சொன்னாள்.

அடுத்து வைகுண்டராஜனின் போன் அடித்தது. அவர் வராந்தாவுக்குப் போய்ப் பேசினார், பிறகு கத்தினார், பிறகு சந்தைக்கு ஓடினார். ஆனால் பிளக்ஸுக்குச் செலவழித்த சங்கம் அதைக் கழற்றிப்போட மனசில்லாமல், மேலே இருந்த கண்ணீர் அஞ்சலிமேல் ‘விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்’ என்று ஒரு துண்டை ஒட்டியது. தோற்றம், மறைவு என்ற இரண்டு தேதிகளும் அப்படியே இருந்தன. அடுத்த நாள் முழுவதும் கருங்கல்லிலிருந்தும் குளச்சலிலிருந்தும் ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். அழுதுகொண்டே வந்தவர்கள் உள்ளே அவன் கண்ணைத் திறந்து பார்ப்பதைக் கண்டு, வந்ததற்குக் காரணம் சொல்லத் தெரியாமல் ஏத்தங்குலை விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

சுயம்புராஜிடம் இதைச் சொல்லக்கூடாது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். பகவதியும் சரியென்றாள். அன்று சாயங்காலம் பல் தேய்க்குமுன், வைகுண்டராஜனின் போனில் இருந்த பிளக்ஸ் படத்தை எடுத்து அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"பாருலே. ஊரே உனக்கு ஒப்பாரி வச்சாச்சு. நாங்கதான் இன்னும் பல்லு தேய்ச்சிட்டு இருக்கோம்."

அவன் படத்தைப் பார்த்தான். கண் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கி, ஆருயிர் அக்காளில் வந்து நின்றது. போதும் என்று ஸ்மைலின் போனை வாங்கி வைத்தாள். கட்டிலை உயர்த்தினாள், காற்றுப்பையைப் பார்த்தாள், குழலை எடுத்தாள். பகவதி மேல்வரிசையை முடித்தாள். கீழ்வரிசைக்கு பிரஷ்ஷைத் திருப்பப் போனபோது பிரஷ் திரும்பவில்லை.

இழுத்தாள். வரவில்லை.

"கடிக்கான்" என்றாள். முதலில் அவளுக்கே விளங்கவில்லை. "சிஸ்டரே, பயல் கடிக்கான்."

வாரக்கணக்கில் எலும்பில்லாததுபோலத் தொங்கிக்கிடந்த தாடை கரடி பிரஷ்ஷைக் கவ்விப் பிடித்திருந்தது. ஸ்மைலின் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தாள். டாக்டர் ஒரு மரக்குச்சியை அவன் பல்லிடையே வைத்துக் கடிக்கச் சொன்னார், கடித்தான். பின்பு மூச்சை இழுக்கச் சொன்னார், தோள் ஒரு நூல் அசைந்தது. நரம்பு வர ஆரம்பித்துவிட்டது, நெஞ்சும் சுத்தமாக இருக்கிறது, இனி ஏறுமுகம்தான் என்று டாக்டர் சொன்னார். பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். தாணம்மாள் அழுதுகொண்டே வந்து பகவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, உங்களத்தான் முதல்ல கடிச்சிருக்காரு" என்றாள், அது ஒரு பாக்கியம்போல.

பகவதி நார் பிய்ந்துபோன பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போனபிறகு அதைத் தூக்கி எறிந்துவிட்டு மருந்துக்கடைக்கு இறங்கிப் போனாள். இந்தத் தடவை பிடியில் வாத்துதான் இருந்தது.

அதன்பின் உதடு அசைந்தது, கழுத்து நின்றது, விரல் மடங்கியது. மெஷினைக் கொஞ்சநேரம் நிறுத்தினார்கள், பிறகு அதிகநேரம் நிறுத்தினார்கள், பிறகு அது மூலையில் துணிமூடி நின்றது. தொண்டைக்குழாயில் பேசுவதற்கான ஒரு சின்ன மூடியைப் போட்டார்கள். கரகரவென்று, பழைய தொண்டையின் கால்வாசிகூட இல்லாத ஒரு குரல் வந்தது. அந்தக் குரலில் அவன் மகனிடம் போனில் பேசினான். வைகுண்டராஜனிடம் செந்துளுவன் குலை என்ன விலை போகிறது என்று கேட்டான். தாணம்மாளிடம் தலையணையை மாற்றச் சொன்னான். நேரில் வந்து மன்னிப்புக் கேட்ட மத்தியாஸிடம், வேறே நல்ல போட்டோ கிடைக்கவில்லையா என்று கேட்டான். ஸ்மைலினுக்கு நன்றி சொன்னான்.

பகவதி உள்ளே வந்தால் வாயைத் திறந்தான். அவ்வளவுதான். அவள் தேய்ப்பாள், அவன் விசிறியைப் பார்ப்பான். தேய்த்து முடித்ததும் மூடிக்கொள்வான். அவள் பஸ்ஸில் போய்விட்டாளா என்று தாணம்மாளிடம் ஒருநாள் கேட்டதாக ஸ்மைலின் சொன்னாள். எதற்குக் கேட்டான், போய்விட்டால் நிம்மதி என்று கேட்டானா என்று பகவதி திருப்பிக் கேட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் முந்தின நாள் மத்தியானம் அறையில் அக்காவும் தம்பியும்தான் இருந்தார்கள். தாணம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தாள். ஸ்மைலின் குழலோடு வந்து, வேலை முடிந்ததும் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். கை இன்னும் தலைவரை உயராததால் வீட்டிலும் கொஞ்சகாலம் யாராவது பல் தேய்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது உறிஞ்சுகுழல் அதிகம் வேண்டியிருக்காது, சத்தம் இருக்காது, தாணம்மாளே செய்துவிடலாம்.

பகவதி அவன் உதட்டைத் துடைத்து, களிம்பு தடவினாள். அன்று மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் அவள் ஒன்றும் பேசியிருக்கவில்லை. நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீ வீட்டுக்குப் போவ. அங்க வந்து நான் தேய்க்கணுமா, வேண்டாமா? கண்ண மூடி மூடிக் காட்டாண்டாம். உனக்குதான் இப்போ சத்தம் இருக்கே. வரணும்னா வரணும்னு சொல்லு. வரப்பிடாதுன்னா ரெண்டு ஏச்சு ஏசிச் சொல்லு, கேட்டிட்டுப் போறேன்."

அவன் அவளைப் பார்த்தான். தொண்டைக்குழாயின் மூடி காற்றில் மெல்ல டிக் டிக்கென்றது. அவன் உதடு பிரிந்தது, அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். உதடு மறுபடி சேர்ந்துகொண்டது. நாக்கு உள்ளே அவள் தேய்த்த பல்வரிசையை ஒருமுறை சுற்றிவருவது கன்னத்தில் தெரிந்தது.

வெளியே வராந்தாவில் சாப்பாட்டு வண்டி போயிற்று. பகவதி எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். பிரஷ்ஷைக் கழுவி உதறி, அவன் பார்க்கும்படி மேஜைமேல் தம்ளரில் நிறுத்தி வைத்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.